அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூவரோடும் கணக்கு வைத்துக்கொள்வது நடைமுறையில் எப்படி?

மாசிவீதி வாசகன் கேட்டது:

வணக்கம். மதுரையில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நாங்கள் பத்துப் பேர் ஞாயிறுதோறும் கூடி ஒரு தலைப்பை எடுத்து அலசுகிறோம். இந்த வாரம் வல்லரசுகளின் போட்டிக்கு நடுவே இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை. அணிசேராமை, பல்முனை உறவு, உத்திசார் தன்னாட்சி என்ற சொற்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அந்தச் சொற்களுக்கு அடியில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

குறிப்பாக மூன்று சந்தேகங்கள். ஈரான் எண்ணெயை 2019-ல் அமெரிக்கா சொன்னதும் நிறுத்திய நாம், 2022-ல் ரஷ்ய எண்ணெயை எப்படி வாங்கினோம்? ரஷ்யாவிடம் நம்மைவிட அதிகம் வாங்கும் சீனாவை விட்டுவிட்டு 2025-ல் நம் மீது மட்டும் அபராத வரி விழுந்ததே, அது நம் கொள்கையின் தோல்விதானே? ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கிய துருக்கிக்கு அமெரிக்கத் தடை, நமக்கு இல்லை, ஏன்? தெரிந்த அண்ணன்மார் பொருள், பணம், ஆண்டு என்று கையில் பிடிக்கிற மாதிரி சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பொதிகைச்சாரல்:

தம்பி, முதலில் "சம தூரம்" என்ற எண்ணத்தை விடுங்கள். நாம் எந்தக் காலத்திலும் எல்லோரிடமும் ஒரே தூரத்தில் நின்றதில்லை. 1962 போரில் சீனா உள்ளே வந்தபோது நேரு அமெரிக்காவிடம் ஆயுதம் கேட்டார். 1971 ஆகஸ்ட் 9-ல் சோவியத்துடன் நட்புறவு ஒப்பந்தம் போட்டோம். இரண்டுமே அணிசேராக் காலம்தான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு பொருளைக் கொடுக்கிறவர் நாளைக்கே நிறுத்திவிட்டால், வேறிடம் மாற நமக்கு எத்தனை காலம் ஆகும், எவ்வளவு செலவாகும்? கச்சா எண்ணெய்க்கு அது வாரக் கணக்கு. அணு உலை எரிபொருளுக்கு ஆண்டுக் கணக்கு. போர் விமானத்துக்கு முப்பது, நாற்பது ஆண்டு. இந்த விலகும் செலவு எங்கே அதிகமோ அங்கே நம் வாய் தானாக மெலிந்துவிடும்.

மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் கன்னியாகுமரிக்குப் போனால், காவல்கிணறு நெருங்கும்போது வலப்பக்கம் மகேந்திரகிரி மலை தெரியும். இடப்பக்கம் கடலோரத்தில் கூடங்குளம். உங்கள் தலைப்புக்கு இந்த இரண்டையும்விட நல்ல பாடம் டெல்லியில்கூட இல்லை.

மகேந்திரகிரியில் இருப்பது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். 1991-ல் கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் ராக்கெட் இயந்திரத்தையும் அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் தர சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதியைக் காட்டி அமெரிக்கா 1992 மே மாதம் இஸ்ரோ மீதும் அந்த நிறுவனம் மீதும் இரண்டாண்டுத் தடை போட்டது. சோவியத் உடைந்து பணத்துக்குத் தவித்த ரஷ்யா 1993-ல் பின்வாங்கியது. இயந்திரம் தருகிறேன், செய்முறை தரமாட்டேன் என்றாகிவிட்டது. கிடைத்தது ஏழு இயந்திரங்கள். அவற்றில் ஒன்றை வைத்து 2001 ஏப்ரல் 18-ல் முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் பறந்தது. சொந்தமாகச் செய்ததை 2010 ஏப்ரல் 15-ல் ஏவியபோது எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்ப் நின்று ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ல்தான் வென்றோம். ஒரே ஒருவரிடம் கைநீட்டியதற்கு நாம் கொடுத்த விலை இருபது ஆண்டுக்கு மேல்.

கூடங்குளம் அணுமின் நிலையம் வேறு கதை. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் கையெழுத்திட்டார்கள். 1992-ல் அணுசக்தி வழங்கும் நாடுகள் குழு, எல்லா உலைகளையும் சர்வதேசக் கண்காணிப்பில் வைக்காத நாட்டுக்கு உலை விற்கக்கூடாது என்று விதி செய்தது. ரஷ்யா, எங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தியது என்று வாதாடியது. பொக்ரான் சோதனை நடந்த அடுத்த மாதமே, 1998 ஜூனில், துணை ஒப்பந்தம் போட்டது. தலா 1000 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகள் ஓடுகின்றன, நான்கு கட்டுமானத்தில் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் தேதியே கேடயமாக நின்றது. பழைய காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருப்பதும் ராஜதந்திரம்தான்.

மகாராஷ்டிரத்தின் தாராப்பூர் அணுமின் நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1963 ஒப்பந்தப்படி அமெரிக்கா முப்பது ஆண்டு எரிபொருள் தர வேண்டும். நம் 1974 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தன் சட்டத்தையே மாற்றியது, வரத்து நின்றது. 1980-களில் பிரான்ஸ் கொடுத்தது. 1990-களில் சீனா கொடுத்தது. 2001-ல் ரஷ்யா கொடுத்தது. ஒரே நிலையத்துக்கு நான்கு நாட்டு எரிபொருள். பல்முனை உறவு என்று நாங்கள் சொல்வது இந்தப் பட்டியலைத்தான்.

---

துறைமுகச்சாலை:

எண்ணெய்க் கேள்விக்கு நான் சொல்கிறேன். 2019-ஐயும் 2022-ஐயும் ஒரே தராசில் வைப்பதில்தான் குழப்பம். இரண்டு தடைகளின் நோக்கமே வேறு.

2019-ல் ஈரான் எண்ணெய் ஒரு பீப்பாய்கூட வெளியே போகக்கூடாது என்று அமெரிக்கா நினைத்தது. நமக்குக் கொடுத்திருந்த விலக்கு மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. அதற்கு மேல் வாங்கினால், பணம் கட்டும் வங்கிக்கு டாலர் பரிவர்த்தனையே போய்விடும். அதனால் நிறுத்தினோம்.

2022-ல் மேற்கு நாடுகளுக்கு ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வரவும் வேண்டும், ரஷ்யாவுக்குக் காசு குறையவும் வேண்டும். முழுத்தடை போட்டால் உலக விலை எகிறி அவர்கள் ஊர் பெட்ரோல் பங்கிலேயே நெருப்புப் பிடிக்கும். அதனால் டிசம்பர் 5 முதல் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதற்குக் கீழே விற்றால் மேற்கத்தியக் கப்பலும் காப்பீடும் கிடைக்கும், மேலே போனால் கிடைக்காது. இந்தியா வாங்கியது அவர்கள் திறந்து வைத்த கதவு வழியாகத்தான். எதிர்த்து நின்றோம் என்று மேடையில் பேசலாம், தேர்வுத் தாளில் எழுதாதீர்கள்.

வாங்கும் முறையையும் பாருங்கள். நம் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும்பாலும் "கொண்டுவந்து சேர்க்கும் விலை"க்கு வாங்கின. கப்பல், காப்பீடு, வழியில் வரும் ஆபத்து எல்லாம் விற்பவர் தலையில். குஜராத்தின் வாடினார், ஜாம்நகர் துறைமுகத்தில் இறங்கும்வரை சரக்கு நம்முடையது அல்ல. ரஷ்யாவின் யூரல்ஸ் ரகம் நடுத்தர அடர்த்தி, கந்தகம் அதிகம். ஈராக்கின் பாஸ்ரா ரகத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரும். அதனால் ஆலையில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஊற்றலாம். போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெயின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஏறிய அதே வேகத்தில் இறக்கவும் முடியும்.

சிக்கியது பணம் கொடுக்கும் இடத்தில். 2022 ஜூலை 11-ல் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வணிகத்தை ரூபாயில் முடிக்க, வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கிகளில் வைக்கும் வாஸ்ட்ரோ கணக்குகளுக்கு வழிசெய்தது. ஏட்டில் நல்ல ஏற்பாடு. ஆனால் 2024-25 நிதியாண்டில் ரஷ்யாவிடம் நாம் வாங்கியது சுமார் 63.8 பில்லியன் டாலர், விற்றது 4.9 பில்லியன். இந்த இடைவெளியில் குவியும் ரூபாயை வைத்து ரஷ்யா என்ன வாங்கும்? 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இதை வெளிப்படையாகவே சொன்னார்: கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் கிடக்கிறது, பயன்படுத்த முடியவில்லை என்று. அதனால் அமீரகத்தின் திர்ஹாமுக்கும் மற்ற நாணயங்களுக்கும் போனார்கள். 2012-ல் ஈரானுக்கு யூகோ வங்கி வழியாக ரூபாயில் கட்டியபோது இந்தத் தொல்லை குறைவு. அங்கே எண்ணெய் விலையில் 45 சதவீதம் மட்டும் ரூபாய், ஈரானும் நம்மிடம் பாசுமதி வாங்கிக்கொண்டிருந்தது. ரூபாய் வணிகம் நிலைக்க எதிராளிக்கு நம்மிடம் வாங்கப் பொருள் இருக்க வேண்டும். இது அரசியலுக்கு முன்னால் வரும் கணக்கு.

2025 அக்டோபர் 22-ல் அமெரிக்கா ரஷ்ய எண்ணெய் நிறுவனங்களான ராஸ்நெஃப்ட், லுகாயில் இரண்டையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. கதவு மூடத் தொடங்கிய நாள் அது. அந்த நிறுவனங்களின் சரக்கைத் தொட நம் ஆலைகள் தயங்கின. கொள்கை மாறவில்லை, வங்கி மேலாளரின் கையெழுத்து நின்றது.

---

கரிசல்காடு:

துறைமுகச்சாலை அண்ணன் சொன்னது சரி, ஆனா அந்த அபராத வரியை அவ்வளவு லேசா விடக்கூடாது. 2025 ஆகஸ்ட் 7-ல 25 சதவீதம். ஆகஸ்ட் 27-ல ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25. மொத்தம் 50. கரூர்ல துண்டும் போர்வையும் நெய்றவங்க, திருப்பூர்ல பனியன் தைக்கிறவங்க, தூத்துக்குடிப் பக்கம் இறால் பதப்படுத்துறவங்க எல்லார் மேலயும் விழுந்துச்சு. எண்ணெய் லாபம் ஜாம்நகருக்கு, அடி கரூருக்கு. டெல்லியில கணக்குப் போடுறப்ப இந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுறதே இல்லை.

சீனாவை ஏன் விட்டாங்கன்னு தம்பி கேட்டாரு. 2025 ஏப்ரல் 4-ல சீனா ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்கும் அதுல செய்ற காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம்னு சொல்லிருச்சு. அந்தக் காந்தம் இல்லாம பெரும்பாலான மின்சாரக் கார் மோட்டார் ஓடாது, ஏவுகணை திரும்பாது. சில வாரத்துல அமெரிக்கக் கார் ஆலைகளே தடுமாறுச்சு. சீனா கையில கழுத்தைப் பிடிக்கிற பொருள் இருந்துச்சு. நம்ம கையில இல்லை.

இல்லைன்னும் முழுசா சொல்லிற முடியாது. அந்த 50 சதவீதத்துல இருந்து எதை விலக்கி வச்சாங்கன்னு பாருங்க: மருந்து, ஸ்மார்ட்போன். நம்ம மருந்தை நிறுத்துனா அவங்க ஊர் மருந்துக்கடையில விலை ஏறும். துண்டை நிறுத்துனா வியட்நாம்ல வாங்கிக்குவாங்க. ஒரு நாட்டோட பலம் எங்க இருக்குன்னு தெரியணும்னா அதுமேல போட்ட வரியைப் படிக்காதீங்க, விலக்குப் பட்டியலைப் படிங்க.

வேதனை என்னன்னா மணவாளக்குறிச்சியில கடல் மணல்ல மோனசைட்ங்கிற கனிமத்தைப் பிரிச்சுக்கிட்டு இருக்கோம், பல காலமா. அரிய மண் தனிமம் அதுலதான் இருக்கு. மணல்ல இருந்து ஆக்சைடு, ஆக்சைடுல இருந்து உலோகம், உலோகத்துல இருந்து காந்தம்னு படிப்படியாப் போகணும். கடைசி ரெண்டு படியை நாம போதுமா வளக்கலை. அதனால 2025-ல சீன உரிமம் தாமதமானதும் நம்ம ஊர் மோட்டார் வண்டிக் கம்பெனிகளும் கையைப் பிசைஞ்சுச்சு. மோனசைட்ல தோரியம் இருக்கறதால அதுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, கடலோர மக்களோட கதிரியக்கக் கவலையும் நியாயமானது. அதையெல்லாம் சரிபண்ணிச் செய்றதுக்கு முப்பது வருசம் இருந்துச்சு.

சீனாகூட நம்ம நிலைமை இன்னும் மோசம். கல்வான்ல 2020 ஜூன் 15-ல இருபது பேர் போனாங்க. செயலிகளைத் தடை பண்ணோம், எல்லை நாட்டு முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம்னு அதுக்கு முன்னால ஏப்ரல்லயே சொல்லிட்டோம். 2020-21-ல சுமார் 65 பில்லியன் டாலரா இருந்த சீன இறக்குமதி 2024-25-ல 113 பில்லியனைத் தாண்டுச்சு. பற்றாக்குறை மட்டும் 99 பில்லியன். எல்லையில விறைப்பு, துறைமுகத்துல கண்டெய்னர் வரிசை. இதுக்குப் பேரு சமநிலை இல்லை.

---

வைகைக்கரை:

கரிசல்காடு சொல்வதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். பிடி இருந்தால் போதும் என்பது இல்லை, யாரை எதற்கு அழைக்கிறோம் என்பதும் வேண்டும். மகால் கட்டிய திருமலை நாயக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகரத்தின் மூன்றாம் ஸ்ரீரங்கன் கட்டுக்குள் வர விரும்பாமல், அவரைப் பின்னாலிருந்து அடிக்க கோல்கொண்டா சுல்தானைத் தூண்டினார். விஜயநகரம் சாய்ந்தது. கோல்கொண்டாப் படை அங்கேயே நிற்காமல் செஞ்சிக்கு வந்தது. அதைத் தடுக்க பீஜப்பூரை அழைத்தார். வந்த பீஜப்பூர்ப் படை கோல்கொண்டாவோடு கைகோத்துக்கொண்டது. செஞ்சி போனது, மதுரை பீஜப்பூருக்குக் கப்பம் கட்டியது. வடக்கே ஒரு தடுப்புச் சுவராக இருந்த பலவீனமான பேரரசைத் தானே இடித்ததுதான் பிழை. இன்று ரஷ்யாவை முழுதாகக் கைவிட்டால் அது சீனாவின் மடியில் போய் விழும் என்று டெல்லி அஞ்சுவதும் இதே கணக்குதான்.

இன்னொன்று. நாமே ஒரு வட்டார வல்லரசு, நம்மையும் சமன்செய்ய ஆள் உண்டு. ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் கலந்த மின்திட்டத்தை 2021-ல் இலங்கை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. பணம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். நம் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இந்தியா ஆட்சேபித்தது. ஆட்சேபத்தோடு நிற்காமல் 1.1 கோடி டாலரை மானியமாகவே கொடுத்தது. கடனைவிட மானியம் இலங்கைக்கு லாபம். 2024 மார்ச்சில் திட்டம் ஒரு இந்திய நிறுவனத்துக்கு வந்தது. "வேண்டாம்" என்று சொல்லும்போதே அதைவிட நல்லதைக் கையில் வைத்திருந்ததுதான் வேலை செய்தது.

அப்படிக் கையில் வைக்காத இடத்தில் என்ன ஆனது என்பதற்கு இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம். 2017-ல் 70 சதவீதப் பங்கு 1.12 பில்லியன் டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் சீனாவிடம் போனது. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் வந்தபோது நாம் எதிர்த்தும் நிறுத்த முடியவில்லை. அதே ஆண்டு சுமார் 4 பில்லியன் டாலர் உதவி செய்தோம், 2024-ல் இலங்கை எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டுத் தடை போட்டது. "எல்லா நாட்டுக்கும்" என்று எழுதியதைக் கவனியுங்கள். சீனாவின் பெயரைச் சொல்லாமல் நம் கவலையைத் தீர்த்தார்கள். சிறிய நாடுகள் இதில் நம்மைவிடத் தேர்ந்தவை.

---

மாசிவீதி வாசகன்:

அண்ணன்மாருக்கு நன்றி. எஸ்-400 விஷயம் மட்டும் பாக்கி. ஐ.நா.வில் வாக்களிக்காமல் விலகுவதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

---

பொதிகைச்சாரல்:

எஸ்-400: நாம் 2018 அக்டோபரில் 5.43 பில்லியன் டாலருக்கு ஐந்து அலகுகள் கேட்டோம், 2021 இறுதியில் வரத் தொடங்கின. ரஷ்யாவிடம் பெரிய ஆயுதம் வாங்குவோரைத் தண்டிக்கும் அமெரிக்காவின் காட்சா சட்டப்படி தடை வர வேண்டும். துருக்கிக்கு 2020 டிசம்பரில் வந்தது. துருக்கி நேட்டோ உறுப்பினர், அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் தயாரிப்பிலும் 2019 வரை பங்காளியாக இருந்தது. அந்த விமானம் பறக்கும் அதே வானத்தை எஸ்-400 ரேடார் பார்த்துக்கொண்டிருந்தால் விமானத்தின் ரகசியம் ரஷ்யாவுக்குப் போய்விடும் என்பது அமெரிக்காவின் அச்சம். நம்மிடம் எஃப்-35 கிடையாது.

இரண்டாவது, 2018-ல் திருத்திய விலக்கு விதியில் ஒரு வாசல் இருக்கிறது: ரஷ்ய ஆயுதச் சார்பைக் குறைத்து வரும் நாட்டுக்கு அதிபர் விலக்கு தரலாம். ஆயுத வணிகத்தைக் கணக்கெடுக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் நம் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010-14-ல் 72 சதவீதம், 2015-19-ல் 55, 2020-24-ல் 36. இந்த இறங்குமுகமே வாதம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். எழுத்தில் விலக்கு தரப்படவே இல்லை, தடையும் போடப்படவில்லை. கோப்பு திறந்தே கிடக்கிறது. வேண்டும்போது எடுத்துக் காட்டலாம் என்பது அவர்களுக்கு வசதி.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ரஷ்யாவைக் குறைத்து அமெரிக்காவுக்கு மாறினால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக 2021-ல் 99 எஃப்-404 இயந்திரங்கள் அமெரிக்காவிடம் கேட்டோம். முதல் இயந்திரம் வந்தது 2025 மார்ச்சில். அங்கே தடை ஏதும் இல்லை, விநியோகச் சங்கிலித் தாமதம்தான். விமான உடல்கள் தயாராகி இயந்திரத்துக்காகக் காத்து நின்றன.

ஐ.நா. விலகல்: உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்துக்கு 2022 மார்ச் 2-ல் ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகியவர் 35, நாம் அந்த 35-ல். வாக்கைவிட வாக்கு விளக்க உரையைப் படியுங்கள். இறையாண்மை, எல்லை ஒருமைப்பாடு, ஐ.நா. சாசனம் என்ற மூன்று சொற்களும் அதில் இருக்கும், ரஷ்யா என்ற பெயர் கண்டனத்தோடு சேர்ந்து வராது. அந்த மூன்று சொற்கள் உக்ரைனுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல, லடாக் எல்லைக்கும் சேர்த்து. உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் 2022 பிப்ரவரி முதல் இந்தியா கொடுத்த விளக்க உரைகளை ஐ.நா. இந்தியத் தூதரகத் தளத்திலிருந்து எடுத்து, எந்தச் சொல் எந்த மாதம் நுழைந்தது என்று வரிசைப்படுத்தட்டும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அதற்கே சரியாக இருக்கும்.